மாரிசெலா ஓசூனா பொரித்த முட்டை

மாரிசெலா ஓசூனாவை நான் முதலில் பார்த்தபோது அவள் ஒரு பிக்கப் வண்டியின் பின்பக்கம், கயிறு போட்டுக் கட்டிய மெத்தைகளுக்கும் ஐஸ் பெட்டிக்கும் நடுவில் நின்று தன் பெட்டியைத் தேடிக்கொண்டிருந்தாள். மற்ற மாணவர்கள் எல்லாரும் விமான நிலையத்திலிருந்து பல்கலைக்கழக வேனில் வந்து இறங்கினார்கள். இவள் டெக்ஸாஸின் தென்கோடியிலிருந்து அப்பா, அம்மா, அண்ணன், சட்டி பானை மூட்டை சகிதம் மிச்சிகன் வரைக்கும் தரைவழியாகவே வந்திருந்தாள். அவர்கள் புளூபெர்ரி பறிக்கப் போகிறவர்கள். போகிற வழியில் மகளை விடுதி வாசலில் இறக்கிவிட்டார்கள்.

"என்னமோ டாக்டருக்குப் படிக்கப் போறேங்கறா, ஆனா காய்ச்சலுக்கு மாத்திரை கேட்டா தரத் தெரியாதாம்" என்று அவள் அண்ணன் ரொஹேலியோ என்னிடம் ஆங்கிலத்தில் சொன்னான். எனக்கு அவனை அதற்கு முன் தெரியாது. பெட்டியை என் கையில் கொடுத்துவிட்டு வண்டியில் ஏறிக்கொண்டான்.

அது 2009, ஜூன் தொடக்கம். நான் ரெனீட்டா கால்வின், மிச்சிகனிலேயே ஸாகினா என்கிற ஊர்க்காரி. அந்தக் கோடையில் மாரிக்கு அறைத்தோழியாகப் போனவள். வீட்டில் முதல்முறையாகக் கல்லூரிப் படி மிதித்த பிள்ளைகளாகப் பார்த்துப் பொறுக்கி, ஒரு கோடை முழுக்க ஆய்வில் இறக்கிவிட்டு, முனைவர் பட்டப் படிப்புக்குத் தயார்செய்கிற திட்டம் அது. நான் வரலாறு. மாரி உயிரியல். அவள் கல்லூரியில் குளிர்பானம் விற்கும் எந்திரத்துக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்த அறிவிப்பைப் பார்த்து, யாரிடமும் சொல்லாமல் விண்ணப்பித்திருக்கிறாள். இடம் கிடைத்த பிறகுதான் வீட்டில் சொன்னாள்.

"கோடைக்கு மிச்சிகன் போறேன்ப்பா."

"நாம எல்லாரும்தானே போறோம்" என்றாராம் அவள் அப்பா எலுதேரியோ. "அதைத் தனியா வேற சொல்லணுமா?"

அவள் ஏழு வயதிலிருந்து ஒவ்வொரு கோடையும் அவர்களோடு வடக்கே வந்து பழம் பறித்தவள். இந்த வருடம் அவள் செடி வரிசையில் நின்று பறிக்கப் போவதில்லை என்பது அவருக்கு உறைத்தது பாதி வழியில், அர்கன்ஸாஸ் தாண்டும்போதுதான். அதற்குப் பிறகு மிச்சிகன் வரும்வரை அவர் வானொலியைச் சத்தமாக வைத்துக்கொண்டே வந்தார் என்று மாரி சொன்னாள்.

திட்டத்தை நடத்தியவர் ஆல்வின் பெட்டிஃபோர்ட். எந்த வெயிலிலும் கழுத்தில் பட்டாம்பூச்சி மாதிரி போ டை கட்டியிருப்பார். முதல் நாள் காலையிலேயே ஒரு சட்டம் போட்டார். கோடை முடியும்வரை நாங்கள் ஒருவரை ஒருவர் டாக்டர் என்றுதான் கூப்பிட வேண்டும். "வாய்க்குப் பழகினாத்தான் காதுக்குப் பழகும்" என்பார். இரண்டு நாள் வெட்கப்பட்டோம். மூன்றாம் நாளிலிருந்து அது எங்கள் கேலிப்பேச்சாகிவிட்டது. "டாக்டர் ஓசூனா, அந்தத் தக்காளி சாஸைக் கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளுங்க" என்பேன். "டாக்டர் கால்வின், உங்க துணியெல்லாம் என் கட்டில்ல கிடக்கு, அதைப் பத்தி ஒரு கட்டுரை எழுதப் போறீங்களா?" என்பாள் அவள்.

மாரிக்கு வழிகாட்டியாக அமைந்தவர் பேராசிரியை கிரெட்சன் ஹூக்ஸ்ட்ரா. நெட்டையான ஆள், எப்போதும் ரப்பர் பூட்ஸ், பேச்சு குறைவு. அவர் மாரிக்குக் கொடுத்த வேலையை அவள் என்னிடம் விளக்கியபோது நான் முதலில் நம்பவில்லை. ஊருக்கு வடக்கே ஹார்லன் ஏரி என்று ஒன்று இருந்தது. அதன் தண்ணீரில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத அளவில் தத்தித் தத்தி நீந்துகிற ஒரு உயிர், தண்ணீர்த் தெள்ளுப்பூச்சி என்று வைத்துக்கொள்ளலாம். குளிர்காலம் நெருங்கினால் அது முட்டைகளைக் கறுப்பு உறை ஒன்றுக்குள் வைத்து விட்டுவிடும். உறை கசகசா அளவு. அது அடியில் போய்ச் சேறோடு சேறாகப் புதைந்துவிடும். வருடா வருடம் அதன்மேல் புதுச் சேறு படியும். நீண்ட குழாயை இறக்கிச் சேற்றை அப்படியே தூணாக எடுத்து, வட்டு வட்டாக வெட்டினால், ஆழத்து வட்டில் இருப்பது பழைய காலத்து முட்டை. அதைக் கழுவி எடுத்து வெளிச்சமும் மிதமான சூடும் காட்டினால் சில சமயம் பொரிக்கும்.

"எவ்வளவு பழசு?" என்றேன்.

"மேல இருக்கறது போன வருஷத்துது. அடியில இருக்கறது எங்கப்பா சின்னப் பையனா இருந்த காலத்துது."

"அது உயிரோடவா இருக்கும்?"

"அதைத்தான் பாக்கணும். அந்தக் காலத்துல ஏரிக்கரையில ஒரு காகித ஆலை இருந்திருக்கு, கண்டதையும் தண்ணியில விட்டிருக்காங்க. அப்ப இருந்த தெள்ளும் இப்ப இருக்கறதும் ஒண்ணாங்கறது ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாத்தாத்தான் தெரியும். மேல் அடுக்கு முட்டையெல்லாம் இவங்க ஏற்கெனவே பொரிச்சிருக்காங்க. அடி அடுக்குதான் அசையவே மாட்டேங்குது."

ஜூன் முழுக்க அவள் அந்த அடி அடுக்கோடு மல்லுக்கட்டினாள். தட்டுகளில் தண்ணீர் ஊற்றி முட்டைகளைப் போட்டு, சூடும் வெளிச்சமும் அளவாகக் கொடுக்கிற அலமாரிக்குள் வைத்துவிட்டுத் தினமும் பார்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஏதோ ஒரு பழைய ஆய்வுக் கட்டுரையில் ஒரு வரி அவள் கண்ணில் பட்டது. அந்தக் கறுப்பு உறை காலப்போக்கில் கெட்டிப்பட்டு, உள்ளே வெளிச்சத்தை விடாமல் தடுக்கலாம் என்று ஒருவர் சந்தேகப்பட்டிருந்தார். உறையை ஊசியால் பிரித்து முட்டையை மட்டும் வெளியே எடுத்துப் பார்க்கலாமா என்று ஹூக்ஸ்ட்ராவிடம் கேட்டாள்.

"செய்யலாம். கண்ணு போயிடும், கழுத்து போயிடும். உனக்குப் பொறுமை இருந்தா செய்" என்றார் அவர்.

செய்தாள். ஒரு நாள் மதிய உணவின்போது பெட்டிஃபோர்ட் அதைக் கேள்விப்பட்டு, "பழம் பறிச்ச விரலாச்சே, டாக்டர் ஓசூனா, பூப்போலப் பிரிச்சிருப்பீங்க" என்று புகழ்ந்தார்.

"பழம் பறிச்ச விரல் பக்கெட்டை நிரப்பத்தான் ஆகும், சார்" என்றாள் மாரி. "முதல் நாள் தொட்டதெல்லாம் நசுங்கிப்போச்சு. பழகப் பழகத்தான் வருது."

ஜூலை நாலாம் தேதி, அமெரிக்கச் சுதந்திர தின விடுமுறைக்கு முன்பு, உறை பிரித்த முட்டைகள் கொண்ட தட்டுகளை அலமாரிக்குள் வரிசையாக அடுக்கிவிட்டு வந்தாள். நாங்கள் எல்லாரும் ஏரிக்கரைக்குப் போய் வாணவேடிக்கை பார்த்து, சோளம் சுட்டுத் தின்றோம். திங்கட்கிழமை ஆய்வகத்தைத் திறந்தால் அலமாரியின் குளிர்விசிறி நின்று போயிருந்தது. விளக்குகள் மட்டும் எரிந்துகொண்டிருந்தன. கதவைத் திறந்ததும் அடுப்பைத் திறந்த மாதிரி முகத்தில் அடித்தது என்றாள். தட்டுகளில் தண்ணீர் வற்றி, முட்டையெல்லாம் வெந்துபோய் வெள்ளையாக ஒட்டியிருந்தன. அடி அடுக்குச் சேறு அதோடு தீர்ந்துபோயிருந்தது.

ஹூக்ஸ்ட்ரா கத்தவில்லை, யாரையும் குறை சொல்லவுமில்லை. "இது நடக்கறதுதான். உன்கிட்ட இதுவரைக்கும் எண்ணின எண்ணிக்கை இருக்கு. எந்த அடுக்குல எத்தனை முட்டைங்கறதை வச்சே நல்ல கட்டுரை ஒண்ணு எழுதலாம். பொரிக்கிறதை விட்டுடு" என்றார். நியாயமான பேச்சுதான். மாரி அறைக்கு வந்து சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள்.

அந்த வாரமே வெள்ளிக்கிழமை மதியம் ரொஹேலியோ வந்து நின்றான். விடுதிப் படியிலேயே உட்கார்ந்துகொண்டான். தொப்பியைக் கழற்றவில்லை.

"அம்மா கை வீங்கிப்போச்சு மாரி. மணிக்கட்டு. ஏணி வச்ச வண்டியிலேருந்து இறங்கும்போது ஊணிட்டாங்க. எலும்பு முறியல, ஆனா மூணு நாலு வாரத்துக்குப் பறிக்கக் கூடாதாம். பழம் இப்பத்தான் கொட்டப்போகுது."

மாரி அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அப்பா உன்னைக் கூட்டிட்டு வான்னு சொல்லல" என்றான் அவன். "ஆனா வண்டிச் சாவியை எடுத்து என் கையில குடுத்தாரு."

"நான் சனி ஞாயிறு வரேன். அப்பாகிட்டப் பேசணும்."

"நானும் வரேன்" என்றேன் நான். என்னை யாரும் கூப்பிடவில்லை. ரொஹேலியோ என் செருப்பைப் பார்த்து, "இதைப் போட்டுக்கிட்டா?" என்றான்.

தொழிலாளர் குடியிருப்பு என்பது தோட்டத்தின் ஓரத்தில் வரிசையாக நின்ற மரவீடுகள். சனிக்கிழமை காலையில் நானும் பறித்தேன். ஓசூனா குடும்பம் இரண்டு வரிசை முடித்த நேரத்தில் நான் கால் வரிசைகூட முடிக்கவில்லை. பக்கெட்டில் பாதி பச்சைக் காய். மாரியின் அம்மா ஹொர்டென்ஸியா கையில் கட்டோடு வரிசை முனையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். என் பக்கெட்டை எட்டிப் பார்த்தார்.

"இந்தப் பொண்ணு என்ன படிக்குது?" என்று மகளிடம் ஸ்பானிஷில் கேட்டார்.

"வரலாறும்மா."

"நல்லது. அதையே படிக்கச் சொல்லு."

சாப்பாட்டுக்குப் பிறகு பேச்சு தொடங்கியது. மேசையில் அவரை மசியலும், முட்டை போட்டுக் கிளறிய காரத் தொத்திறைச்சியும், துணியில் சுற்றிய கோதுமை ரொட்டியும் இன்னும் மிச்சமிருந்தன. பள்ளியில் படித்த ஸ்பானிஷை வைத்துப் பாதி புரிந்துகொண்டேன், மீதியை மாரி பிறகு சொன்னாள்.

"அங்க வேலை எப்படிப் போகுது?" என்று எலுதேரியோ கேட்டார். மகள் தன்னை ஏமாற்றிவிடுவாளோ என்பதுபோலக் கேட்டார்.

"முட்டையெல்லாம் கெட்டுப்போச்சுப்பா. எந்திரம் சூடேறி எல்லாம் வெந்துபோச்சு."

ரொஹேலியோவால் சிரிப்பை அடக்க முடியவில்லை. "முட்டையைப் பொரிக்கறதுக்கு அவ்வளவு பெரிய கட்டடமா? அம்மா தினம் காலையில எத்தனை பொரிக்கறாங்க, ஒண்ணைக்கூடக் கருகவிடறதில்ல."

"அப்ப அது முடிஞ்சுது" என்றார் எலுதேரியோ. "முடிஞ்சுதுன்னா வந்துடு. வர்ற வருஷம் வேற ஏதாவது பாத்துக்கலாம்."

"முடியலப்பா. ஏரிக்கு மறுபடி போய்ச் சேறு எடுக்கணும்னு கேக்கப்போறேன்."

"அவங்க சரின்னாங்களா?"

"இன்னும் கேக்கவே இல்ல. உங்ககிட்ட முதல்ல கேக்கலாம்னு வந்தேன்."

அவர் ரொட்டியைத் துணியில் சுற்றினார், பிரித்தார், மறுபடி சுற்றினார். "நாங்க வெயில்ல நிக்கறோம். உங்கம்மாவுக்குக் கை இல்ல. நீ சேத்துக்குள்ள செத்த முட்டையைத் தேடப்போறேங்கற. இதை நான் ஊர்ல எப்படிச் சொல்லுவேன்?"

"செத்துதா இல்லையான்னு யாருக்கும் தெரியாதுப்பா. அதான் விஷயமே." மாரியின் குரல் உயரவில்லை. "பள்ளிக்கூடம் முடியறதுக்கு முன்னாடியே வருஷா வருஷம் கிளம்பி வந்தேன். திறந்து பாதிப் பாடம் போனப்புறம் திரும்பிப் போவேன். எங்கடி போயிருந்தேன்னு டீச்சர் கேப்பாங்க. ஒரு தடவைகூட உங்ககிட்ட வரமாட்டேன்னு சொன்னதில்ல. இந்த வருஷம் சொல்றேன்."

பக்கத்து வீட்டில் யாரோ குழந்தையை அதட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு ஹொர்டென்ஸியா நல்ல கையால் தட்டுகளை அடுக்கிக்கொண்டே சொன்னார்:

"ஊர்ல உங்க தங்கச்சி பையன் சூயி என்ன பண்றான்?"

"தூங்கறான்" என்றார் எலுதேரியோ.

"அவனுக்கு ரெண்டு கையும் நல்லாத்தானே இருக்கு. பஸ் ஏத்திவிடச் சொல்லுங்க."

"சூயியா? அவன் ஒரு பக்கெட் பறிக்கறதுக்குள்ள அடுத்த வருஷப் பழம் வந்துடும்."

"இந்த வரலாற்றுப் பொண்ணைவிட வேகமாப் பறிப்பான்" என்றார் அம்மா.

எலுதேரியோ என்னைப் பார்த்தார். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. மகளுக்குச் சரி என்று அவர் வாயால் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எங்களைத் தானே ஓட்டிக்கொண்டு வந்து விடுதியில் விட்டார். அவ்வளவுதான்.

திங்கட்கிழமை மாரி ஹூக்ஸ்ட்ராவின் அறைக்குப் போய் நின்றாள். படகு அந்த வாரம் ஒரே நாள்தான் சும்மா இருந்தது. ஆள் போதாது என்றார் அவர். ஆள் நான் கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்து என்னைப் பிடித்தாள்.

"எனக்கு நீச்சல் தெரியாது."

"நீ ஏரியில இறங்க வேண்டாம். குழாயைப் பிடிச்சுக்கிட்டா போதும்."

"பழைய செய்தித்தாள் படிக்கறவளைப் பாத்துக் குழாயைப் பிடிங்கற."

"டாக்டர் கால்வின், உயிர்காக்கும் சட்டை தருவாங்க."

படகில் போன அன்று காற்று கொஞ்சம் பலமாகவே அடித்தது. படகு ஒரு நிலையில் நிற்கவில்லை. முதல் முறை இறக்கிய குழாய் சாய்ந்து, மேலே வரும்போது சேறு வழுக்கிக்கொண்டு போய்விட்டது. திரும்பிவிடலாம் என்பதுபோல ஹூக்ஸ்ட்ரா கரையைப் பார்த்தார். மாரி அவரைப் பார்க்கவேயில்லை. நங்கூரத்தை இழுத்து இன்னொரு பக்கம் போட்டாள். இரண்டாவது முறை நாங்கள் மூவரும் கயிற்றைச் சேர்ந்து பிடித்து நேராக இறக்கினோம். குழாய் மேலே வந்தபோது உள்ளே சேறு தூண் குலையாமல் நின்றது. மேலே பழுப்பு, நடுவில் சாம்பல், கீழே ஆலைக் காலத்துக் கறுப்பு, அதற்கும் கீழே மறுபடி பழுப்பு. அழுகிய முட்டை நாற்றம் அடித்தது. ஹூக்ஸ்ட்ரா அதைப் பார்த்துவிட்டு, "இவ்வளவு நீளம் நான் எடுத்ததே இல்ல" என்றார். அவரிடமிருந்து அது பெரிய பேச்சு.

அதற்குப் பிறகு மாரியைச் சாப்பாட்டு வேளையில் மட்டும்தான் பார்க்க முடிந்தது. வெட்டினாள், கழுவினாள், உருப்பெருக்கியின் கீழே உறைகளைப் பிரித்தாள். அலமாரி சரிசெய்யப்பட்டிருந்தாலும் அவள் அதை நம்பவில்லை. தட்டுகளை ஜன்னலோரம் ஒரு மேசையில் வைத்து, விளக்கு கட்டித் தொங்கவிட்டு, தானே காவல் காத்தாள். கழுத்து வலிக்கு நான் தைலம் தேய்த்துவிட்டேன். மேல் அடுக்கு பொரித்தது. நடு அடுக்கில் ஒன்றிரண்டு பொரித்தன. அடியில் ஒன்றுமில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் நான் நூலகத்தில் ஸாகினாவின் பழைய செய்தித்தாள்களோடு உட்கார்ந்திருந்தேன். மாரி வந்து நின்றாள். ஓடிவந்திருக்கிறாள், மூச்சு வாங்கியது.

"வா" என்றாள்.

"என்ன?"

"சும்மா வா."

ஆய்வகத்தில் அவள் என்னை உருப்பெருக்கி முன்னால் உட்காரவைத்தாள். முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு கண்ணாடி போன்ற ஒரு துளி தத்தியது. நின்றது, மறுபடி தத்தியது. ஒற்றைக் கறுப்புக் கண். முதுகுப் பக்கம் ஏதோ ஒன்று படபடவென்று துடித்துக்கொண்டிருந்தது.

"அது என்ன துடிக்குது?"

"இதயம்" என்றாள் மாரி. "கறுப்புச் சேத்துக்கும் கீழ இருந்து வந்தவ. ஆலை வர்றதுக்கு முன்னாடி போட்ட முட்டை."

நான் நிமிர்ந்து பார்த்தபோது அவள் அழுதுகொண்டே சிரித்தாள். பிறகு இருவரும் கைகோத்துக்கொண்டு அந்த வெறும் ஆய்வகத்தில் சுற்றிச் சுற்றி ஆடினோம். அவள் ஹூக்ஸ்ட்ராவை வீட்டுக்கே தொலைபேசியில் கூப்பிட்டாள். அவர் தோட்ட வேலையை அப்படியே விட்டுவிட்டு, கையில் மண்ணோடு வந்தார். வெகுநேரம் உருப்பெருக்கியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அதற்குள் இன்னொன்றும் பொரித்துவிட்டது.

ஆகஸ்ட் தொடக்கத்தில் நிறைவு நாள். நாங்கள் ஒவ்வொருவரும் மேடையேறி எங்கள் ஆய்வைச் சொல்ல வேண்டும். கேட்பதற்கு வேறு பல்கலைக்கழகங்களிலிருந்தும் பேராசிரியர்கள் வந்திருந்தார்கள். முனைவர் படிப்புக்கு ஆள் தேடி வருகிறவர்கள். குடும்பங்களுக்கும் அழைப்பு உண்டு. பழம் கொட்டுகிற சமயம் என்பதால் மாரி வீட்டில் பேச்சுக்குச் சொல்லிவைத்ததோடு சரி. அவள் மேடையேறிப் பேசத் தொடங்கிய பிறகு பின்கதவு திறந்தது. எலுதேரியோ, ஹொர்டென்ஸியா, ரொஹேலியோ, கடைசியாகத் தூக்கம் கலையாத முகத்தோடு சூயி. பறித்துக்கொண்டிருந்த சட்டையோடு நேராக வந்திருந்தார்கள். விரல்களெல்லாம் ஊதா. பெட்டிஃபோர்ட் பாய்ந்து போய் முன்வரிசையில் நாற்காலி போட்டார். மாரி ஒரு கணம் பேச்சை நிறுத்தினாள். தண்ணீர் குடித்தாள். விட்ட இடத்திலிருந்து பிடித்துக்கொண்டாள்.

கேள்வி நேரத்தில் ஒஹாயோவிலிருந்து வந்த ஒருவர் எழுந்தார். கேள்வி கேட்பதையே தொழிலாக வைத்திருக்கிற ஆள் என்பது பார்த்தாலே தெரிந்தது. "குழாய் கீழ இறங்கும்போது மேல் அடுக்கு முட்டை ஒண்ணு சுவரோட ஒட்டிக்கிட்டு அடியில போய் விழுந்திருக்கலாமே. நீங்க பொரிச்சது போன வருஷத்து முட்டை இல்லங்கறதுக்கு என்ன அத்தாட்சி?"

மாரி தலையாட்டினாள், அந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவள்போல.

"குழாயோட உள்சுவர்ல ஒளிரும் சாயம் தடவித்தான் இறக்கினேன், சார். மேலேருந்து எது வழிஞ்சு போனாலும் சுவரோரமாத்தான் போகும், போனா சாயமும் கூடவே போகும். ஒவ்வொரு வட்டிலயும் ஓரத்தை வெட்டி எறிஞ்சுட்டு நடுவை மட்டும் எடுத்தேன். நடுவுல சாயம் இருக்கான்னு விளக்கு போட்டுப் பாத்தேன். இந்த முட்டைங்க வந்த வட்டுல ஒரு பொட்டு சாயம்கூட இல்ல."

"நானா இருந்தாலும் அதைத்தான் செஞ்சிருப்பேன்" என்று சொல்லிவிட்டு அவர் உட்கார்ந்து, எதையோ குறித்துக்கொண்டார்.

வேறு கேள்வி உண்டா என்று பெட்டிஃபோர்ட் கேட்டார். முன்வரிசையில் ஒரு ஊதா நிறக் கை உயர்ந்தது. எலுதேரியோ எழுந்து நின்று ஸ்பானிஷில் கேட்டார்.

"அந்த முட்டை போட்டப்ப எனக்கு என்ன வயசு இருக்கும்?"

மாரி ஸ்பானிஷிலேயே பதில் சொன்னாள். "நீங்க பள்ளிக்கூடத்துக்கே போயிருக்க மாட்டீங்கப்பா. கைக்குழந்தை."

"அது இப்ப உயிரோட இருக்கா?"

"இருக்கு. குட்டியும் போட்டிருக்கு."

"எனக்குப் பாக்கணும்."

மாரி அதை அரங்கத்துக்கு மொழிபெயர்த்துச் சொன்னாள். சிரிப்பும் கைத்தட்டலும் ஒன்றாக எழுந்தன. அவர் கூச்சத்தோடு சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, தானும் சேர்ந்து கைதட்டினார்.

நிகழ்ச்சி முடிந்ததும் ஆய்வகத்துக்கு ஒரு ஊர்வலமே போனது. எலுதேரியோ கையை இரண்டு முறை கழுவிவிட்டு உருப்பெருக்கியில் குனிந்தார். யாரும் அவசரப்படுத்தவில்லை. நிமிர்ந்தபோது அவர் பக்கத்தில் நின்ற ஹூக்ஸ்ட்ராவைப் பார்த்து ஆங்கிலத்தில், "இது என் வயசு" என்றார். பிறகு, "என்னைவிட நல்லா இருக்கா."

ஹொர்டென்ஸியாவின் முறை வந்தது. அந்த முதல் தெள்ளின் வம்சத்துக்கு ஆய்வகத்தில் 'ஹொர்டென்ஸியா' என்று பேர் வைத்திருப்பதை மாரி அப்போதுதான் சொன்னாள்.

"பூச்சிக்கா என் பேரு?" என்றார் அம்மா, கண்ணை எடுக்காமலே.

"ஆமாம்மா."

"ஒரு நிமிஷம் சும்மா இருக்க மாட்டேங்குது. பொருத்தமாத்தான் இருக்கு."

அந்த ஒஹாயோக்காரர் உட்பட மூன்று பேர் அன்று மாரியிடம் தங்கள் பல்கலைக்கழகத்துக்கு வரச்சொல்லிக் கேட்டார்கள். அவள் ஹூக்ஸ்ட்ராவிடமே முனைவர் படிப்புக்கு வந்தாள். அந்தத் தெள்ளுகள் அவள் ஆய்வேடாயின. ஆலை வருவதற்கு முன்பிருந்தவற்றுக்கும் பிறகு வந்தவற்றுக்கும் உடம்பே வேறு என்று காட்டினாள். இப்போது விஸ்கான்ஸினில் ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறாள். கோடையில் படகில் இருக்கிறாள்.

அவள் முனைவர் பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வு ஒரு பிப்ரவரியில் நடந்தது. நானும் போயிருந்தேன். எலுதேரியோவும் ஹொர்டென்ஸியாவும் டெக்ஸாஸிலிருந்து வந்தார்கள், யார் யாரிடமோ கடன் வாங்கிய கோட்டுகளோடு. அத்தனை வருடம் மிச்சிகனுக்கு வந்து போனவர்கள் அந்த ஊரைப் பனியில் பார்த்ததே இல்லை. தேர்வுக் குழு அவளை வாழ்த்திக் கைகுலுக்கி, எல்லாம் முடிந்து, கேக் வெட்டிச் சாப்பிட்ட பிறகு எலுதேரியோ கேட்டார், தோட்டம் வரைக்கும் போய்வரலாமா என்று.

மாரிதான் ஓட்டினாள். சாலையோரம் வண்டியை நிறுத்தியதும் அவர் இறங்கிப் பனிக்குள் நடந்தார். குடியிருப்பு வீடுகள் பூட்டிக் கிடந்தன. வயல் முழுக்க வெள்ளை. அதில் இலையெல்லாம் உதிர்ந்த புளூபெர்ரிச் செடிகள் வரிசை வரிசையாகச் செக்கச்செவேலென்று நின்றன. குளிர்காலத்தில் அந்தத் தண்டுகள் சிவப்பாகிவிடும். இங்கே பிறந்து வளர்ந்த எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது.

ஒரு செடியருகே நின்று தண்டைத் தொட்டுப் பார்த்தார். "இது இந்த நிறத்துல இருக்கும்னு ஒருத்தரும் சொல்லலியே" என்றார்.

"நாம போனப்புறம்தான்பா இப்படி ஆகுது" என்றாள் மாரி. அவள் புதுப் பூட்ஸ் முழங்கால் வரை பனியில் புதைந்திருந்தது. அவர் கைப்பேசியை எடுத்து அவளிடம் கொடுத்தார். செடிகளுக்கு நடுவில் போய், கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு நேராக நின்றார்.

"எடு" என்றார். "சூயிக்கு அனுப்பணும்."

வண்டிக்குள்ளிருந்து ஹொர்டென்ஸியா கண்ணாடியை இறக்கி, எல்லாருக்கும் பசிக்கிறது என்று கத்தினார்.